எறிவதற்கு முன் ஒருக்காக் கழுவிப் பாருங்கள்

2022 ஏப்ரல் தொடக்கம். இலங்கையில் பொருளாதார நெருக்கடி. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் நின்றிருந்தது. எப்போது வரும், எப்போது போகும் என்று மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்தே வேலை செய்த காலம். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் உள்ள என் தச்சுப்பட்டறையில் தேக்கங் கதவுகள் மூன்று பாதியில் நின்றன. கரண்ட் இருக்கும் நேரத்துக்குள் மேசை வாளில் சட்டங்களை அரிந்து வைத்துவிட்டால் மிச்ச வேலையைக் கையால் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. அந்த நேரம் பார்த்து வாள் வெட்ட மறுத்தது. பலகையை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பலத்தில் தள்ள வேண்டியிருந்தது. அரிந்த முகம் கறுத்து எரிந்திருந்தது. தேக்கின் எண்ணெய் மணம் போய்க் கருகல் மணம் வந்தது. மோட்டார் முனகியது.

அது 10 அங்குல வட்டவாள், 60 பல். மழுங்கிவிட்டது, மாற்ற வேண்டியதுதான் என்று முடிவுகட்டி யாழ் நகரின் ஸ்ரான்லி வீதிக் கடைக்குப் போனேன். 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் அப்போது 300-ஐத் தாண்டியிருந்தது. கடையில் இருந்தது ஒரேயொரு பிளேட். விலை நான் முன்பு கொடுத்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். "அண்ணை, இது போனா அடுத்தது எப்ப வருமெண்டு எனக்கே தெரியாது" என்றார் கடைத் தம்பி. அவ்வளவு காசு கையில் இல்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

பின்னேரங்களில் பெரியப்பா பட்டறைக்கு வந்து வாங்கில் இருப்பார். கை நடுக்கத்தால் தச்சு வேலையை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் கண்ணும் காதும் வேலையை விடவில்லை. பழைய இரும்புக்குப் போட வைத்திருந்த பிளேட்டை அவர் எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு பல்லின் பக்கத்தை நகத்தால் சுரண்டினார். நகத்தோடு கரும்பழுப்பாகப் பிசின் உருண்டு வந்தது.

"உது மழுங்கேல்லை மோனை. ஊத்தை பிடிச்சுக் கிடக்கு. முதல்ல கழுவிப்போட்டுப் பார்."

அன்றிரவு குப்பி விளக்கு வெளிச்சத்தில் கழுவினேன். அடுத்த நாள் கரண்ட் வந்ததும் பூட்டி ஓட்டினேன். மூன்று கதவுக்கும் உரிய சட்டங்கள் முழுவதையும் அதே பிளேட்டில் அரிந்து முடித்தேன். அதற்கு முன் எத்தனை பிளேட்டுகளை வெறும் ஊத்தைக்காக எறிந்திருப்பேன் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. அன்று தொடங்கிய பழக்கத்தில் நான் கற்றுக்கொண்டவற்றை, பட்டறை வைத்திருக்கிறவர்களுக்கும் வீட்டில் சின்ன வாள் மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று கனநாளாக எண்ணம்.

வெறும் பிசின் எப்படி ஒரு வாளை மழுங்கல் மாதிரி ஆக்குகிறது? பிளேட்டை எடுத்துப் பல்லின் அகலத்தையும் தகட்டின் தடிப்பையும் அளந்து பாருங்கள். என்னுடையதில் பல் 2.8 மில்லிமீற்றர், தகடு 1.8 மில்லிமீற்றர். அதாவது பக்கத்துக்கு அரை மில்லிமீற்றர் இடைவெளி. பல் வெட்டிய வழியில் தகடு மரத்தைத் தொடாமல் ஓட வேண்டும் என்பதற்காக விட்ட இடம் அது. தேக்கின் எண்ணெயும் மரத்தூளும் சூட்டில் இறுகி அந்த இடத்தை நிரப்பிவிடும். பிறகு தகடே மரத்தில் உராயத் தொடங்கும். உராய்வால் சூடு, சூட்டால் விளிம்பு விரிந்து பிளேட் நெளியும், நெளிந்தால் இன்னும் உராயும். கூர் அப்படியே இருக்க, வாள் மட்டும் எரியும்.

கழுவுவது பெரிய வித்தை இல்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு பிளேட்டை எடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்திவிட்டுக் கை வைக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் நிறையப் பேரிடம் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். அகலமான பிளாஸ்ரிக் தட்டில் ஒரு லீற்றர் சுடுதண்ணீர், அதில் மூன்று மேசைக்கரண்டி அப்பச்சோடா. சலவைச் சோடா இருந்தால் இன்னும் நன்றாகக் கழலும். பிளேட் முழுவதும் மூழ்கி அரைமணி நேரம் கிடக்கட்டும். பிறகு பழைய பல்லுத் தேய்க்கும் பிரஷ்ஷால், நடுவில் இருந்து வெளிப்பக்கமாக, பல்லின் திசையோடு தேய்க்க வேண்டும். எதிர்த்திசையில் தேய்த்தால் விரல் கிழியும். பல்லின் முகம், இரண்டு பக்கம், முதுகு, பல்லுக்குப் பல் நடுவே உள்ள பள்ளம் என்று ஆறுதலாக எல்லா இடமும் பாருங்கள். பள்ளத்தில்தான் ஊத்தை கூட.

கழுவியதும் உடனே துடைக்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். தானாகக் காய விட்டால் வெள்ளையாகப் படியும், பின்னேரத்துக்குள் கறளும் பூக்கும். துணியால் துடைத்துப் பத்து நிமிடம் வெயிலில் வைத்து, மெழுகுதிரியைத் தகட்டில் லேசாகத் தேய்த்து, துணியால் பரவித் துடைத்துவிடுவேன். எண்ணெய் பூசினால் அது பலகையில் கறையாக ஏறும், வார்னிஷ் பிடிக்காது. பலா அரிந்த வாளுக்கு மட்டும் சோடா போதாது. அதன் பால் மண்ணெண்ணெய்க்குத்தான் கழலும். மண்ணெண்ணெயால் துடைத்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, மணம் போகும்வரை காயவிட்டுத்தான் பூட்ட வேண்டும். 2022-இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாட்களில் பலா வேலையையே ஒதுக்கி வைத்தேன்.

செய்யக் கூடாதது இரண்டு. ஒன்று, நெருப்பில் காட்டிப் பிசினை எரிப்பது. சின்ன 7¼ அங்குல பிளேட் ஒன்றை வருடங்களுக்கு முன் காஸ் அடுப்பில் அப்படிக் காட்டினேன். பிசின் போனது உண்மை. ஆனால் தகட்டைத் தொழிற்சாலையில் அடித்தும் அழுத்தியும் ஏற்றிய இறுக்கமும் சேர்ந்து போய்விட்டது. பூட்டி ஓட்டியபோது விளிம்பு அலை அடித்தது. அதை என்னால் மீட்க முடியவில்லை. மற்றது, கோஸ்டிக் சோடாவில் இரவு முழுக்க ஊறப்போடுவது. அது பல்லின் உள்ளே இருக்கும் பிணைப்பைத் தின்னக்கூடும். அது என்ன பிணைப்பு என்பதைக் கீழே சொல்கிறேன்.

கழுவிய பிறகும் வெட்டவில்லையா? அப்போதும் உடனே மழுங்கல் என்று சொல்லிவிடாதீர்கள். பலகையின் ஒரு பக்கம் மட்டும் எரிகிறது என்றால் குற்றம் பெரும்பாலும் பலகையை அணைத்துத் தள்ளும் வழிகாட்டிச் சட்டத்தில். அது பிளேட்டுக்குச் சமாந்தரமாக இல்லாமல் பின்பக்கம் நெருக்கினால் புதுப் பிளேட்டும் எரிக்கும். என் தேக்கங் கதவு விஷயத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. இரண்டு அங்குலத் தேக்கை நீளவாக்கில் அரிய 60 பல் பிளேட்டைப் போட்டிருந்தேன். நீளவாக்கில் அரியும்போது தூள் நீள நீளமாக, நிறைய வரும். 60 பல்லின் சின்னப் பள்ளங்களில் அதற்கு இடம் இல்லை. அதற்கு 24 பல் போதும். 60 பல் குறுக்கே அரியவும் ஒட்டுப்பலகைக்கும். இப்போது இரண்டையும் வைத்திருக்கிறேன். மாற்றிப் பூட்ட ஐந்து நிமிடம் மினக்கெட வேண்டும். ஆனால் இரண்டு பிளேட்டுக்கும் ஆயுள் கூடியிருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன்.

உண்மையான மழுங்கலைக் கண்டுபிடிக்கப் பெரியப்பா காட்டித் தந்த வழி வெளிச்சம். கூரான விளிம்புக்கு அகலம் இல்லை, அதனால் வெளிச்சம் அதில் தங்காது. மழுங்கிய விளிம்பு உருண்டிருக்கும். பல்லைச் சரித்துச் சரித்துப் பார்த்தால் முனையில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு மின்னும். கண் பத்தாதவர்கள் கைத்தொலைபேசிக் கமராவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அடுத்தது நகம். பல்லின் முனையை நகத்தின் மேல் வைத்து மெல்ல இழுத்தால், கூராக இருந்தால் நகம் சீவி வெள்ளைப் பொடி வரும். வழுக்கிக்கொண்டு போனால் தீட்ட வேண்டும். ஒரு பல்லை மட்டும் பார்க்காமல் நாலு இடத்தில் பார்க்க வேண்டும்.

பெரியப்பா காலத்து வாள் வேறு, நான் தீட்டும் வாள் வேறு. அவருடையது உருக்குக் கைவாள். முக்கோண அரத்தால் அராவி, பற்களை ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்த்தால் சரி. 1990-இல் போரால் யாழ் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. மெஷின் எல்லாம் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தன. அவர் கைவாளுக்குத் திரும்பினார். பொருளாதாரத் தடையில் நல்ல அரம் கிடைப்பதே அரிது. மழுங்கிய அரத்தை அவர் புளித்த கள்ளின் வினாகிரியில் ஓர் இரவு ஊறவைப்பார். அமிலம் அரத்தின் பற்களுக்கு நடுவே கிடக்கும் இரும்புத் தூளையும் கறளையும் தின்று, பல்லையும் கொஞ்சம் கூராக்கிவிடும். காலையில் சோடாத் தண்ணீரில் அலசிக் காயவைத்து எடுத்தால் அரம் இன்னும் சில மாதம் ஓடும். 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியை விட்டு எல்லோரும் குடாநாட்டின் மறுபக்கம் உள்ள தென்மராட்சிக்கு நடந்தபோது, அவருடைய சைக்கிளில் உடுப்பு மூட்டைக்கு மேலே சாக்கில் சுற்றிய நாலு வாளும் அந்த அரமும் இருந்தன. எனக்கு அப்போது பதினைந்து வயது. மழையில் சாக்கு நனைந்ததும், சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் முதல் வேலையாக அவர் வாள்களைத் துடைத்து எண்ணெய் பூசியதும் இப்போதும் கண்ணில் நிற்கிறது. அங்கே அந்த வாள்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன.

அந்த நினைப்பில்தான் நானும் முதலில் வட்டவாளின் பல்லில் முக்கோண அரத்தை வைத்தேன். இரண்டு இழுவையில் அரம் வழவழப்பாகிவிட்டது. பல்லில் ஒரு கீறல் இல்லை. இப்போதைய வட்டவாளின் தகடுதான் உருக்கு. பல்லின் நுனியில் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டு டங்ஸ்டன் காபைட். காபைட் மணிகளை கொபோல்ட் என்ற உலோகம் சீமெந்து மாதிரிப் பிடித்து வைத்திருக்கிறது. கோஸ்டிக் சோடா தின்னக்கூடும் என்று சொன்னேனே, அது இந்த கொபோல்ட்டைத்தான். ஜெர்மனியில் 1920-களில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது 'வைரம் போல' என்ற பொருளில் வீடியா என்று பெயர் வைத்தார்கள். முற்றிய பனையை வைரம் பாய்ந்தது என்று சொல்கிற எங்களுக்கு அந்தப் பெயர் உடனே விளங்கும். இதை அரிக்க உண்மையான வைரம்தான் வேண்டும். வைரத்தூள் பதித்த தட்டையான தீட்டுத் தகடு, பாஸ்போட் அட்டை அளவில், கடைகளில் கிடைக்கிறது. தூளின் நுண்மையைக் காட்டும் இலக்கத்தில் 400, 600 என்று இரண்டு வாங்கினால் போதும். ஒரு புதுப் பிளேட்டின் விலையை விடக் குறைவு.

கையால் தீட்டும் முறை இது. பிளேட்டை இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து வைஸில் இறுக்குங்கள். மேலே நாலைந்து பல் மட்டும் தெரிந்தால் ஆட்டம் இருக்காது. தொடங்கும் பல்லில் மார்க்கர் பேனையால் அடையாளம். இல்லாவிட்டால் எங்கே தொடங்கினோம் என்று தெரியாமல் சில பற்களை இரண்டு முறை தீட்டிவிடுவோம். தீட்ட வேண்டியது பல்லின் முகம், அதாவது மரத்தை முதலில் சந்திக்கும் தட்டையான பக்கம். முதுகைத் தொட வேண்டாம். முதுகில்தான் இடம், வலம் என்று மாறி மாறிச் சரிவு வைத்திருக்கிறார்கள், உயரமும் அங்கேதான் தீர்மானமாகிறது. கையால் அதைச் சமமாகத் தீட்ட முடியாது. நான் முயன்றிருக்கிறேன்.

முகத்தில் கோணம் பிசகாமல் இருக்க எனக்கு உதவியது மார்க்கர் மை. முகம் முழுக்க மை பூசி, வைரத் தகட்டை வைத்து ஒரே ஒரு இழுவை இழுத்துப் பாருங்கள். மை முழுவதும் சமமாகப் போனால் தகடு சரியாகப் படிந்திருக்கிறது. மேலே மட்டும் போனாலோ கீழே மட்டும் போனாலோ கையைத் திருத்துங்கள். பிளேட்டோடு வந்த கோணமே நல்ல கோணம். அதைத் தேடித்தான் கை போக வேண்டும். பிறகு தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் விட்டுத் தகட்டை நனைத்து, 400-இல் ஐந்து இழுவை, 600-இல் மூன்று. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரே அழுத்தம், ஒரே திசை. வெள்ளைக் கோடு எல்லாப் பல்லிலும் மறையவில்லை என்றால் இன்னொரு சுற்று போங்கள். கோடு தெரிகிற பல்லை மட்டும் பிடித்துத் தேய்க்காதீர்கள்.

இந்தக் கடைசி வரியை நான் பட்டுத்தான் படித்தேன். முதல் முறை தீட்டியபோது மழுங்கல் கூடத் தெரிந்த ஏழெட்டுப் பற்களைப் பத்துப் பதினைந்து இழுவை கூடுதலாகத் தேய்த்தேன். பூட்டி ஓட்டினால், அரிந்த முகத்தில் சீரான இடைவெளியில் ஆழமான கீறல்கள். காரணம் பிறகுதான் விளங்கியது. பல்லின் நுனி முன்பக்கம் அகலமாகவும் பின்னால் போகப் போகக் குறுகியும் இருக்கும். முகத்தைத் தேய்க்கத் தேய்க்க அந்தப் பல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் ஒடுங்கும், கொஞ்சம் பதியும். வேலை முழுவதையும் அதற்கு அடுத்த பல் தனியே சுமக்கும். அதுதான் கீறியது. மற்ற 50-க்கு மேற்பட்ட பற்களையும் அதே அளவுக்குக் கொண்டுவர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

60 பல்லைக் கையால் தீட்ட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். தோள் வலிக்கும். அதனால் பிறகு ஒட்டுப்பலகையில் ஒரு தாங்கி செய்தேன். நடுவே ஒரு போல்ட்டில் பிளேட் சுழலும். பழைய ஹக்ஸோ பிளேட் துண்டு ஒன்று வில் மாதிரி வளைந்து நின்று, ஒவ்வொரு பல்லையும் ஒரே இடத்தில் தடுத்து நிறுத்தும். தாங்கி முழுவதும் ஒரு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் சறுக்கும். எதிரே மேசைக் கிரைண்டரில் மெல்லிய வைரச் சில்லு. பல் சில்லைத் தொடும் ஆழத்தை ஒரு ஸ்குரூவால் கட்டுப்படுத்தலாம். ஒரு தொடுகையில் மிகக் கொஞ்சம், அதுவும் ஈரப் பஞ்சால் இடைக்கிடை நனைத்து. கவனிக்க வேண்டிய ஒன்று: வைரச் சில்லு காபைட்டுக்குத்தான், உருக்குக்கு இல்லை. சூட்டில் வைரத்தின் கரியை இரும்பு இழுத்துக்கொள்ளும், சில்லு சீக்கிரம் செத்துவிடும். பல தடவை தீட்டிய பிளேட்டில் பல்லுக்குக் கீழே உள்ள உருக்கு முட்டத் தொடங்கும்போது, அந்த உருக்கைச் சாதாரணக் கல்லால் சின்னதாகப் பின்வாங்க வைத்துவிட்டுத்தான் வைரச் சில்லுக்குக் கொண்டுபோவேன்.

இவ்வளவு மினக்கெடாமல் வெளியே கொடுத்துத் தீட்டலாமே என்று கேட்பார்கள். கொடுத்தேன். ஒரு கடையில் இருந்து வந்த 24 பல் பிளேட்டில் பற்களுக்குக் கீழே நீல நிறம் ஏறியிருந்தது. ஆற விட்டு ஆற விட்டுத் தேய்க்காமல் ஒரேயடியாகத் தேய்த்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மூன்று பல்லில் மயிரிழை வெடிப்பு. காபைட்டைத் தகட்டோடு பிடித்திருப்பது வெள்ளி கலந்த பற்றவைப்பு. 600 டிகிரிக்கு மேல் உருகும் பொருள்தான், ஆனால் திடீர்ச் சூடும் திடீர்க் குளிரும் காபைட்டையே வெடிக்க வைக்கும். அந்தப் பிளேட்டை நான் பூட்டவில்லை. வெளியே கொடுப்பதில் பிழை இல்லை. நல்ல மெஷினில் முகத்தையும் முதுகையும் சேர்த்துத் தீட்டினால் என் கைவேலையைவிடத் திறமாக வரும். வாங்கும்போது நீலம் இருக்கிறதா, பற்கள் எல்லாம் ஒரே உயரமா என்று அங்கேயே நின்று வடிவாப் பாருங்கள்.

ஏன் இந்தப் பயம் என்றால், 10 அங்குல பிளேட் நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றும்போது பல்லின் வேகம் விநாடிக்கு 53 மீற்றர், மணிக்கு 190 கிலோமீற்றருக்கு மேல். அந்த வேகத்தில் ஒரு துண்டு கழன்று வந்தால் கண்ணாடி இல்லாத கண்ணுக்கு என்ன ஆகும்? வெடித்த பல், ஆடுகிற பல், வளைந்த தகடு, நடுத் துளையைச் சுற்றி வெடிப்பு: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் தீட்டும் பேச்சே இல்லை. பல் ஒன்று கழன்ற பிளேட்டைத் தெரிந்த ஒரு தச்சர் தங்க வேலை செய்பவரிடம் கொண்டுபோய்ப் பொடிவைத்து ஊதி ஒட்டுவித்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் அதை ஓட்ட வேண்டாம் என்று கெஞ்சினேன், கேட்டார். நகையில் பிடிக்கும் ஒட்டு வேறு, இந்த வேகத்தில் மரத்தை மோதும் ஒட்டு வேறு.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். 4 அங்குலக் கை கிரைண்டரின் மூடியைக் கழற்றிவிட்டு மரவாள் பிளேட்டைப் பூட்டி அரிகிறவர்களை எங்கள் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்குக் கிட்ட ஓடும். மரத்தில் பல் கடித்தால் கையை உதறிக்கொண்டு உடம்புக்குத்தான் வரும். கூரான பிளேட்டானாலும் மழுங்கிய பிளேட்டானாலும் அதில் பூட்டக் கூடாது.

கூரைப் பறிப்பதில் எங்கள் ஊர் மரங்களுக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. தேக்கிலும் பனையிலும் மணலின் மூலப்பொருளான சிலிக்கா இருக்கிறது. பனையின் கறுத்த வைரம் நார் நாராக, கல்லைப்போல. ஒரு பழைய பனங் கைமரத்தை அரிந்தால், வேம்பில் ஒரு கிழமை அரிந்த அளவு விளிம்பு போய்விடும். அதனால் பனைக்கு என்றே பழைய பிளேட் ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன். இன்னொன்று எங்கள் நிலத்துக்கே உரியது. 2023-இல், போர் நடந்த பளைப் பக்கம் இருந்து வந்த ஒரு வேப்பங் குற்றியை அரிந்துகொண்டிருந்தபோது சடார் என்று ஒரு சத்தம், நெருப்புப் பொறி. மெஷினை நிறுத்திப் பார்த்தால் மரத்துக்கு நடுவே கட்டைவிரல் அளவில் ஷெல் துண்டு. மரம் அதைச் சுற்றி வளர்ந்து மூடியிருந்தது. நாலு பல் உடைந்து போனது. என்னோடு வேலை செய்யும் பொடியனுக்கு அந்தச் சண்டை நடந்த காலம் நினைவில்லை. அந்தத் துண்டைக் கையில் வைத்துக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு குற்றியோ பழைய வீட்டு மரமோ வந்தால், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் அங்குலம் அங்குலமாக இழுப்போம். ஆணி உடனே பிடிபடும். ஆழத்தில் இருப்பதும், ஈயம், பித்தளைத் தோட்டாவும் காந்தத்துக்குத் தெரியாது. அதற்குக் கண்தான். இரும்பு புதைந்த இடத்தைச் சுற்றி மரம் நீலக் கறுப்பாக நிறம் மாறியிருக்கும். பட்டையில் சுருங்கிய வடு இருக்கும். சந்தேகமான துண்டைக் கைவாளால் வெட்டி ஒதுக்கிவிடுகிறோம்.

தீட்டும்போது வரும் தூளைச் சாதாரண மரத்தூள் என்று நினைக்கக் கூடாது. காபைட்டும் கொபோல்ட்டும் கலந்த தூள் நுரையீரலுக்குக் கெட்டது. கையால் தீட்டினால் ஈரம் அதைப் பிடித்துக்கொள்ளும். மெஷினில் தீட்டினால் நல்ல முகக்கவசம், கண்ணாடி இரண்டும் வேண்டும். மேசையை ஈரத் துணியால் துடைக்க வேண்டும், ஊதக் கூடாது. பட்டறைக்குள் தேத்தண்ணிக் கோப்பையைத் திறந்து வைப்பதையும் நிறுத்திவிட்டேன்.

மற்ற வாள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜிக்ஸோ பிளேட்டைத் தீட்டி மினக்கெட வேண்டாம். ஆனால் அது தேய்வது மேலே உள்ள முக்கால் அங்குலத்தில்தான். மெஷினின் அடித்தட்டில் ஓர் ஒட்டுப்பலகைத் துண்டை ஒட்டினால் பிளேட்டின் கீழ்ப்பகுதிப் புதுப் பல் வேலைக்கு வரும். செயின்ஸோவின் சங்கிலி உருக்கு. அதற்கு உருண்டை அரம், சங்கிலியின் அளவுக்குப் பொருந்த 4 மில்லிமீற்றரோ 4.8-ஓ. பல்லில் பொறித்திருக்கும் சரிவுக் கோட்டோடு, பொதுவாக 30 டிகிரி, உள்ளிருந்து வெளியே தள்ளி அராவ வேண்டும். ஒவ்வொரு முறை பெற்றோல் ஊற்றும்போதும் இரண்டு தள்ளு தள்ளினால் பெரிய வேலை ஒருநாளும் வராது. தூள் மாவாக வந்தால் மழுங்கல், சீவலாக வந்தால் கூர்.

திரும்பப் பூட்டும்போது பிளேட்டைப் பிடிக்கும் இரண்டு வளையங்களையும் துடைக்க மறக்காதீர்கள். அங்கே ஒட்டிய ஒரு சின்ன மரத்தூள் போதும், விளிம்பு ஆடும். பிளக் பூட்டாமல், பல்லுக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை அசையாமல் வைத்துக் கையால் சுழற்றினால் ஆட்டம் தெரியும். பிறகு ஒரு நிமிடம் மரம் வைக்காமல் ஓட்டிக் கேளுங்கள். பெரியப்பா அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வார். நல்ல பிளேட்டின் சத்தம் ஒரே சீராக, தம்புரா மாதிரி நிற்கும். பிழை இருந்தால் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் துடிக்கும்.

அவர் போன வருடம் காலமானார். அவர் இருந்த வாங்குக்கு மேலே சுவரில் ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஒரு கோடு போட்டு, கழுவிய நாளையும் தீட்டிய நாளையும் சோக்கால் எழுதி வருகிறேன். 2022-இல் பழைய இரும்புக்குப் போகவிருந்த அந்த 60 பல் பிளேட்டுக்கு எதிரே பதினொரு கழுவலும் நாலு தீட்டலும் இருக்கின்றன. அதன் காபைட் 2.2 மில்லிமீற்றரில் தொடங்கி இப்போது 1.8-இல் நிற்கிறது. இன்னும் இரண்டு தீட்டலுக்குத் தாங்கும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு பனை மரத்துக்கு. அதுவும் முடிந்தால் தகட்டை வெட்டி, மரத்தைச் சுரண்டி மழமழப்பாக்கும் சுரண்டு தகடுகள் செய்யலாம், அந்த உருக்கு அதற்கு மிக நல்லது. பொடியன் இப்போதே இரண்டு கேட்டு வைத்திருக்கிறான்.